பழங்காசில் இருக்கும் எழுத்தைப் படிப்பது எப்படி: மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வழி

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் உடனே செல்போனில் படம் எடுத்து, "இது பிராமியா பாருங்க" என்று தெரிந்த ஆளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். (பிராமி என்றால் அசோகன் காலத்துப் பழைய எழுத்து.) படம் மங்கலாக இருக்கும், காசு தலைகீழாக இருக்கும், பாதிக்குப் பாதி அது பிராமியாகவும் இருக்காது. பதில் வந்தால் சரி, வராவிட்டால் காசு திரும்பவும் டப்பாவுக்குள் போய்விடும். எழுத்தைப் படிக்க நாமே கற்றுக்கொள்ளலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. உண்மையில் அது அவ்வளவு கடினமான வேலை இல்லை, அதிலும் மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. காசில் விரல்நகத்தில் கால்வாசி அளவுக்குத் தேய்ந்து கிடக்கிற அதே எழுத்து, நம் ஊர் மலைகளில் சாண் அளவுக்குப் பெரிதாகப் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. மலையில் பழகிக்கொண்டு காசுக்கு வந்தால் கண்ணுக்குப் பிடிபடும். காசிலேயே தொடங்கினால் பல மாதம் ஆனாலும் ஒரு எழுத்து கூடப் பிடிபடாமல் அலுத்துப்போய் விட்டுவிடுவோம்.

இன்னொன்று, பின்னாலிருந்து முன்னால் போங்கள். எல்லோரும் அசோகன் காலத்து எழுத்து அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குகிறார்கள். நமக்குத் தெரிந்த தமிழ் எழுத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பழைய காலத்துக்கு இறங்கிப் போவதுதான் எளிது, ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் முக்கால்வாசி எழுத்து ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

எழுத்துக்கு முன்னால் வெளிச்சம்

முதலில் காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பளபளப்பாக்கும் பசை, எதுவும் வேண்டாம். செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கரும்பச்சைக் களிம்புதான் பல சமயம் எழுத்தின் விளிம்பைப் பிடித்து வைத்திருக்கிறது, அதைக் கழுவி எடுத்தால் காசு பளிச்சென்று ஆகும், எழுத்து போய்விடும். போனது திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால் போதும். வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது வேறு சிக்கல், உலோகம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காசை மற்ற காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு உலர்வாக வைக்க வேண்டும்.

பொருள் என்று பார்த்தால் அதிகம் தேவையில்லை. நகைக்கடையில் ஆசாரி கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று. ஒரு டார்ச். பென்சில், வெள்ளைத்தாள்.

இதில் டார்ச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நேராக மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, காசின் பக்கவாட்டில் வெளிச்சம் உரசிக்கொண்டு போகிற மாதிரி வையுங்கள். மேடாக இருக்கும் எழுத்துக்கு நிழல் விழும், அப்போதுதான் அது எழுத்து என்றே தெரியும். பிறகு காசை அசைக்காமல் டார்ச்சை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் எடுங்கள். இடப்பக்க வெளிச்சத்தில் தெரியாத கோடு கீழிருந்து அடிக்கும்போது தெரியும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எழுத்தைப் படித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படம் எடுத்த பிறகு உடனே படிக்கவும் உட்காராதீர்கள். முதலில் வரையுங்கள். தெரிகிற கோட்டை மட்டும் தாளில் பெரிதாக வரைய வேண்டும், தெரியாத இடத்தைப் புள்ளிக்கோடாக விட வேண்டும், இதுதான் இருக்கும் என்று ஊகித்து இட்டு நிரப்பக் கூடாது. நம் மனசு பொல்லாதது, பாண்டியர் பெயரான "வழுதி" என்று இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தவுடன் கீறலெல்லாம் ழு-வாகத் தெரிய ஆரம்பித்துவிடும். வரைந்த தாளை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, மறுநாள் காசைப் பார்க்காமல் தாளை மட்டும் பாருங்கள். அப்போது எது எழுத்து, எது கீறல் என்பது தெளிவாகப் பிரியும்.

எழுத்தே இல்லாத காசுகள்

எல்லாப் பழங்காசிலும் எழுத்து இருக்காது. வெள்ளி முத்திரைக் காசுகள் இந்தத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய காசு வகை. துண்டு வெள்ளியில் சூரியன், மலை, மரம், விலங்கு என்று தனித்தனி முத்திரைகளை அடித்திருப்பார்கள், எழுத்து கிடையாது. போடிநாயக்கனூர்ப் பக்கம் கிடைத்த புதையலில் அப்படிப்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன, பின்பக்கத்தில் மீனைக் கோட்டுருவமாக்கிய சின்னம் இருப்பதால் பாண்டியர் வெளியிட்டவை என்று கொள்கிறார்கள். கோடுகளால் ஆன அந்த மீனைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எழுத்து என்றே எடுத்துக்கொள்வார்கள், அதனால் அதை முதலிலேயே பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

மதுரையில் ரோமானியச் செப்புக்காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் கி.பி. 4-ஆம் நூற்றாண்டையொட்டிய சின்னச் சின்னக் காசுகள். வெள்ளைப்பூண்டுப் பல் அளவுக்குத்தான் இருக்கும். ஒருபக்கம் தலை, சுற்றி லத்தீன் எழுத்து. தேய்ந்துபோனால் அந்த எழுத்தும் பிராமி மாதிரியே தோன்றும், ஏனென்றால் இரண்டிலும் நேர்கோடும் வட்டமும்தான் அதிகம். மன்னன் தலையைச் சுற்றி விளிம்போடு எழுத்து ஓடினால் முதலில் ரோமானியக் காசா என்று பார்த்துவிடுங்கள்.

நமக்குத் தெரிந்த தமிழிலிருந்து தொடங்குவோம்

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வாக்கில் அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒருபக்கம் கோபுரமும் ஆங்கிலமும் பாரசீகமும், மறுபக்கம் திருமாலைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் இருக்கும். முதல் பாடத்துக்கு இது நல்ல காசு, தமிழ்ப் பகுதி எழுத்துக்கூட்டிப் படித்தால் வந்துவிடும். அதைவிடப் பழையதாக வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசு. காளை படுத்திருக்கும், கீழே "சேது" என்று இரண்டே எழுத்து. இந்த இரண்டு எழுத்தைக் காசில் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் தைரியம் வந்துவிடும்.

அப்புறம் பாண்டியர். 13-ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசுகளில் "சுந்தர பாண்டியன்", "சோணாடு கொண்டான்", "எல்லாந்தலையானான்" என்று முழுப் பெயரும் பட்டமும் தமிழிலேயே இருக்கும், சிலவற்றில் இரண்டு மீனுக்கு நடுவில் "சு" என்று ஒரே ஓர் எழுத்து. 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டை வென்றவன், அதனால் "சோணாடு கொண்டான்" காசை அவனுக்குரியது என்கிறார்கள். "எல்லாந்தலையானான்" என்பதை 1251-இல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியனோடு பொதுவாகச் சேர்ப்பார்கள்.

இந்தக் காசுகளைப் படிக்கும்போது நான்கு விஷயம் மனதில் இருக்க வேண்டும், இது தெரியாமல்தான் பலர் தடுமாறுகிறார்கள். புள்ளி இருக்காது. அதாவது காசில் இருப்பது "சுநதர பாணடியன" என்றுதான், புள்ளியை நாம்தான் போட்டுப் படிக்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால்தான் வழக்கம் போயிற்று என்பார்கள், காசிலும் கல்லிலும் அதே பழக்கம் தொடர்ந்தது. அடுத்தது, ர-வும் கால் என்கிற ா-வும் ஒரே மாதிரி இருக்கும். "பா" என்பதா "பர" என்பதா என்பதைச் சொல்தான் முடிவு செய்யும். மூன்றாவது, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு எழுத்தில் இருக்காது. இன்று நாம் எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில்தான் வருகிறது. ஆகவே "சேது"-வைக் காசில் "செது" என்றுதான் பார்ப்பீர்கள், பயப்பட வேண்டாம். கடைசியாக, ஐகாரத்துக்கு இரண்டு ஒற்றைக் கொம்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், இன்றைய ை அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டதுதான். எழுத்து எப்போதோ மாறி முடிந்துவிட்ட ஒன்று என்று நினைப்பவர்கள் வீட்டில் இருக்கும் 1978-க்கு முந்தைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும், லை-யும் னா-வும் றா-வும் வேறு உருவத்தில் இருக்கும். தமிழ்நாடு அரசு அந்த ஆண்டில்தான் அவற்றைச் சீர்திருத்தியது.

தமிழ் இல்லாத எழுத்துகள், சுருக்கமாக

நம் ஊரில் அதிகம் கைக்கு வரும் காசு ராஜராஜனுடையது. ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் கைக்கருகில் எழுத்து. தமிழ் மன்னன் காசு என்பதால் தமிழைத் தேடிக்கொண்டிருப்பார்கள், ஆனால் அது நாகரி எழுத்து, இன்று இந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவம்: ஸ்ரீ ராஜராஜ. ஸ்ரீ, ரா, ஜ என்று மூன்று வடிவம் தெரிந்தால் போதும். பாண்டியர்களும் இதே நிற்கும் உருவ அமைப்பை எடுத்துக்கொண்டு, தங்கள் மீனையும் தமிழ் எழுத்தையும் போட்டார்கள். உருவத்தை மட்டும் பார்த்து ராஜராஜன் காசு என்று சொல்லிவிடக் கூடாது, எழுத்தைப் பார்க்க வேண்டும்.

1330-களில் தொடங்கி 1378 வரை மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசில் அரபு எழுத்து, வலமிருந்து இடம். அரபு படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினால் "சுல்தான்" என்ற சொல்லை உடனே காட்டிவிடுவார், மதரஸாவில் படிக்கும் பையன்கள்கூட எழுத்துக்கூட்டிவிடுவார்கள். ஆண்டு ஹிஜ்ரியில் இருக்கும்; அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு வரும். கடைசிச் சுல்தானின் காசில் ஹிஜ்ரி 779 இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள், 1377-78 வரும். விஜயநகரக் காசு என்றால் நாகரியும் கன்னடமும், மதுரை நாயக்கர் காசு என்றால் தமிழ், தெலுங்கு, நாகரி மூன்றும் கலந்து வரும். தெலுங்கும் கன்னடமும் அந்தக் காலத்தில் மிக நெருக்கம், காசில் இரண்டு மூன்று எழுத்தை வைத்துப் பிரிப்பது வீண் வேலை. யானையா, காளையா, தெய்வமா, எடை எவ்வளவு என்று மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி மலைக்குப் போங்கள்

10-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போக வேண்டுமானால் தமிழ் எழுத்து மட்டும் போதாது. பாண்டிய நாட்டில் அப்போது தமிழை எழுதியது வட்டெழுத்து என்ற வளைவு மிகுந்த எழுத்தில். சோழர் வந்து இந்த நாட்டைப் பிடித்த பிறகுதான் இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோடி இங்கே பரவி, வட்டெழுத்து மெல்ல மறைந்தது. வட்டெழுத்தைக் காசில் தேடிக் காலத்தை வீணாக்காமல் ஒத்தக்கடைக்குப் போய்விடுங்கள். யானைமலை அடிவாரத்து நரசிங்கப்பெருமாள் குடைவரையில் கலியுகம் 3871, அதாவது கி.பி. 770-இல் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. களக்குடியைச் சேர்ந்த மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் அந்தக் கோயிலைக் குடைவித்த செய்தி. சமஸ்கிருதப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். ஒரே காலத்தில் ஒரே ஊரில் மொழிக்கு ஒரு எழுத்து என்று வைத்திருந்தார்கள் என்பதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. அதே யானைமலையின் மேலே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அதாவது தமிழை எழுதுவதற்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட பிராமியில் வெட்டியதும் இருக்கிறது. ஒரு மலையிலேயே பல நூற்றாண்டு எழுத்து மாற்றம். அரிட்டாபட்டியிலும் சமணர் மலைப் பக்கத்திலும்கூட இப்படித் தமிழ்ப் பிராமியும் வட்டெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்.

காலை எட்டு மணிக்குள் போங்கள், இல்லையென்றால் மாலை. டார்ச்சைப் படுக்க வைத்துப் பார்த்த அதே காரணம்தான், சாய்வான வெயிலில் எழுத்து தெரியும், உச்சி வெயிலில் பாறை மட்டும்தான் தெரியும். எழுத்தின் மேல் சாக்பீஸ், எண்ணெய், மாவு, எதையும் தயவுசெய்து பூசாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டு தாங்கி நின்ற எழுத்து நம் ஒரு செல்பிக்காக அழியக் கூடாது.

தமிழ்ப் பிராமிக்கு மாங்குளம்தான் பள்ளிக்கூடம். மேலூர்ப் பக்கம், மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலை, ஓவாமலை என்றும் சொல்வார்கள். மேலே சமண முனிவர்களின் படுக்கை உள்ள குகைத்தளங்கள், அவற்றின் நெற்றியில் எழுத்து. 1882-இல் இராபர்ட் சீவெல் இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார், 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துகளில் இருப்பது தமிழ்தான் என்று எடுத்துக்காட்டினார், 1960-களில் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் என்ற பெயரை இங்கே தெளிவாகப் படித்தார். காசு படிக்க விரும்புகிறவருக்கு இந்தக் கல்வெட்டில் இன்னொரு பெயரும் முக்கியம்: கடலன் வழுத்தி. நெடுஞ்செழியன், வழுத்தி, இரண்டிலும் ழ வருகிறது. வடக்கே இருந்த பிராமியில் ழ, ற, ன போன்ற எழுத்துகள் இல்லை, தமிழுக்காகச் சேர்த்துக்கொண்டவை. ஆகவே ழ-வைப் படமெடுத்து, வரைந்து, கையோடு கொண்டு வாருங்கள், காசில் அது உங்களுக்குத் தேவைப்படும்.

மற்ற எழுத்துகளைப் பிடித்துக்கொள்வது சுலபம். க என்பது கூட்டல் குறி. த என்பது நட்டுக்கோட்டின் (செங்குத்துக் கோட்டின்) கீழே இரண்டு கால் விரிந்த மாதிரி. ந என்பது படுகோட்டின் (படுத்திருக்கும் கோட்டின்) மேல் ஒரு நட்டுக்கோடு. ர வெறும் நட்டுக்கோடு, சில சமயம் நெளியும். வ என்பது கீழே வட்டம், அதன் தலையில் ஒரு கோடு. ம என்பது வட்டத்தின் மேல் இரண்டு கொம்பு. ட வலப்பக்கம் திறந்த அரைவட்டம், அது மடங்கி மூலையானதுதான் இன்றைய ட. ப-வைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. உயிர்க்குறிகள் சின்னக் கோடுகள்தான்: தலையில் வலப்பக்கம் படுகோடு என்றால் ஆ, அது மேலே மடங்கினால் இ, காலடியில் வந்தால் உ, தலையில் இடப்பக்கம் வந்தால் எ, இடமும் வலமும் வந்தால் ஒ அல்லது ஓ, இடப்பக்கமே இரண்டு வந்தால் ஐ.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. மாங்குளம் போன்ற பழைய குகைகளில், அசோகன் கணக்குப்படி "கா" என்று படிக்க வேண்டிய வடிவம் "க" என்றும் வரும். குறியே இல்லாத வெறும் வடிவம் "க்" ஆகும். இது தெரியாமல் அட்டவணையை வைத்துப் படித்தால் கடலன் "காடாலான" ஆகிவிடுவான். பிறகு இந்தக் கோட்டுப் பழக்கம் போய், வெறும் எழுத்தே க் என்றும் க என்றும் நின்றது, அதற்கும் பிறகு புள்ளி வந்தது. வந்த புள்ளியும் பிற்காலத்தில் எழுத்திலிருந்து மறைந்து அச்சுக்காலத்தில்தான் நிலைத்தது. ஒரு காசை எடுத்தால் அது இந்த மூன்று முறையில் எதில் எழுதியது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சொல்லாகக் கூட்ட வேண்டும்.

அழகர்மலைக் குகைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே கொடை கொடுத்தவர்கள் அரசர்கள் இல்லை, உப்பு வணிகன், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகன், அறுவை (துணி) வணிகன், மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லன். ஊர்ப்பெயர் "மதிரை" என்று எழுதியிருக்கிறது. காசு புழங்கிய கைகள் இவர்களுடையதுதான் என்று நினைக்கும்போது எனக்கு அந்த எழுத்து வேறு மாதிரித் தெரிகிறது. மலை ஏற முடியாதவர்களுக்குக் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, 2023-இல் திறந்தது. பானை ஓட்டில் கீறிய தமிழ்ப் பிராமிப் பெயர்கள் அங்கே உண்டு. கல்தச்சன் வெட்டாமல் சாதாரண ஆள் கீறிய எழுத்து அது, கோணல்மாணலாக இருக்கும், காசு எழுத்துக்கு அது இன்னும் நெருக்கம்.

இரண்டு காசு, ஆறு குறி

இவ்வளவும் ஆன பிறகு, பாண்டிய மன்னன் பெருவழுதியின் பெயர் பொறித்த காசுக்கு வரலாம். சதுரமான செப்புக்காசு, முன்பக்கம் குதிரை, அதன் மேலே ஐந்து எழுத்து, பின்பக்கம் கோட்டுருவ மீன். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் இதைக் கண்டுபிடித்துப் படித்து வெளியிட்டார். சங்ககாலத் தமிழ் மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்களா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அந்த ஐந்தெழுத்து பதில் சொல்லிவிட்டது. ப-வின் தலையில் இடப்பக்கம் கோடு, பெ. ர-வின் காலடியில் கோடு, ரு. அடுத்து வ. ழ-வின் காலடியில் கோடு, ழு. மாங்குளத்திலிருந்து கொண்டுவந்த படத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். த-வின் தலையில் மேலே மடங்கிய கோடு, தி.

இதோடு கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் மன்னனின் தலை ரோமானியக் காசு பாணியில், மேலே "மாக்கோதை". பெருவழுதி நமக்கு எ, உ, இ என்ற மூன்று குறியைக் கற்றுத் தருகிறான், மாக்கோதை ஆ, ஓ, ஐ என்ற மீதி மூன்றைக் கற்றுத் தருகிறான். இந்த இரண்டு பெயரையும் பார்க்காமல் எழுதப் பழகிவிட்டால் "குட்டுவன் கோதை" காசும், செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்த ஈயக்காசில் இருக்கும் "அதினன் எதிரான் சேந்தன்" என்பதும் நீங்களே படிக்கக் கூடியவை. தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுத்து இருந்தாலும் குழம்ப வேண்டாம். அச்சு வெட்டுபவர் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும், மறந்துபோய் நேராக வெட்டினால் காசில் திரும்பி விழும். போன் படத்தைத் திருப்பிப் பார்த்தால் சரியாகிவிடும்.

வடக்கத்திக் காசுகளை ஏன் பார்க்க வேண்டும்

பிராமியைப் படிக்கும் வழியே காசில்தான் திறந்தது என்பதால். கிரேக்க மன்னன் அகதாக்ளீஸ் காசில் ஒருபக்கம் கிரேக்கம், மறுபக்கம் அதே செய்தி பிராமியில். 1836-இல் கிறிஸ்தியன் லாசன் என்ற அறிஞர் அதை வைத்துச் சில எழுத்துகளை உறுதி செய்தார். அடுத்த ஆண்டே, கல்கத்தா நாணயச்சாலையில் உலோகம் சோதிக்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி ஸ்தூபியின் கல்வேலியில் இருக்கும் சிறு கல்வெட்டுகள் ஒரே சொல்லில் முடிவதைக் கவனித்து, அது கொடை என்ற பொருளில் வரும் "தானம்" என்று பிடித்து, முழு எழுத்தையும் திறந்துவிட்டார். திரும்பத் திரும்ப வரும் சொல்லை முதலில் பிடி என்ற அவருடைய வழி நமக்கும் உதவும்.

தக்காணத்தை ஆண்ட சாதவாகனர் வெள்ளிக்காசு நமக்கு இன்னும் நெருக்கமானது. தலை இருக்கும் பக்கத்தில் பிராகிருதத்தில் வாசிட்டிபுத சிரி சாதகணி. மறுபக்கத்தில் தென்னாட்டு மொழியில் அதே பெயர், "புத" இருந்த இடத்தில் "மகன்", "சிரி" இருந்த இடத்தில் "திரு". அந்தப் பக்கத்தில் சொற்களின் கடைசியில் ஒட்டி வரும் எழுத்தை "ஷ" என்றும் "கு" என்றும் அறிஞர்கள் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள், அந்தச் சண்டை முழுவதும் ஒரே ஓர் எழுத்தின் வளைவைப் பற்றியது. தாளில் வரைந்து பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ஓர் எழுத்து வேறு மொழிக்காரர் கைக்குப் போகும்போது என்ன ஆகும் என்பதையும் அங்கே பார்க்கலாம். வடமேற்கே ஆண்ட குஷாண மன்னன் கனிஷ்கன் தன் மொழிக்குக் கிரேக்க எழுத்தை எடுத்துக்கொண்டான், கிரேக்கத்தில் இல்லாத ஷ ஒலிக்குத் தனியாக ஓர் எழுத்தைச் சேர்த்தான், நாம் பிராமியில் ழ-வைச் சேர்த்த மாதிரி. குஜராத், மாளவப் பக்கத்தை ஆண்ட மேற்குச் சத்திரபர்கள் என்ற மன்னர்களோ தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார்கள்; போகப் போகப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அது வெறும் அலங்காரக் கோடாகிவிட்டது, உண்மையான செய்தி மறுபக்கப் பிராமியில். தலைக்குப் பின்னால் சக ஆண்டு எண்ணில் இருக்கும், 78-ஐக் கூட்டினால் கி.பி. கிடைக்கும். ஆகவே ஒரு காசில் எழுத்து மாதிரி இருந்து எவ்வளவு முயன்றும் படிக்க முடியவில்லை என்றால், அதை வெட்டியவருக்கே அது படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இதே காரணத்தால்தான் எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக் காசுக்குக் காலம் சொல்லிவிடக் கூடாது. மக்கள் பழகிய காசையே நம்புவார்கள், அதனால் அச்சு வெட்டுபவர் பழைய காசைப் பார்த்தே புதியதை வெட்டுவார். கல்லில் மாறிவிட்ட எழுத்து காசில் இன்னும் பழையபடியே இருக்கும்.

வாங்கும்போதும் கிடைக்கும்போதும்

பெருவழுதி, மாக்கோதை எல்லாம் இன்று போலியாக நிறைய விற்கிறார்கள். எழுத்து மழுங்கி, சோப்பில் செதுக்கிய மாதிரி ஓரம் உருண்டிருந்தால், விளிம்பில் சுற்றிலும் ஒரு தையல்கோடு தெரிந்தால், லென்ஸில் ஊசிமுனை அளவுக் குமிழிக்குழிகள் தெரிந்தால் வார்த்தெடுத்த போலி என்று சந்தேகப்படுங்கள். ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டு காசில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எழுத்து அளவுக்கு மீறித் தெளிவாக இருந்து காசின் மற்ற பகுதி தேய்ந்திருந்தாலும் பின்னால் யாரோ செதுக்கியது என்று பொருள்.

மண்ணிலிருந்து காசு கிடைத்தால், வயலாக இருந்தாலும் வீட்டு அஸ்திவாரக் குழியாக இருந்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்டதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. குவியலாகக் கிடைத்ததைப் பிரித்து விற்றுவிட்டால் எந்தக் காசு எதனோடு கிடந்தது என்ற செய்தி போய்விடும், எழுத்து தேய்ந்த காசுக்குக் காலம் சொல்வது பல சமயம் அதன் பக்கத்தில் கிடந்த இன்னொரு காசுதான்.

ஒரு நோட்டுப் போட்டு, காசுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிடைத்த இடம் அல்லது வாங்கிய இடம், எடை, அளவு, உலோகம், நான்கு பக்க வெளிச்சப் படம், உங்கள் கைவரைபடம், அதற்குக் கீழே உறுதியாகத் தெரிந்த எழுத்து ஒரு வரியில், ஊகித்த எழுத்து வேறு வரியில். இந்த இரண்டு வரியையும் கலந்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தோடு காந்தி மியூசியம் வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கோ கல்வெட்டுப் படித்த ஒருவரிடமோ போங்கள், மங்கலான ஒரு படத்தை அனுப்பி "இது பிராமியா" என்று கேட்பதற்கும் இதற்கும் அவர்கள் தரும் பதிலில் வித்தியாசம் இருக்கும்.